கேள்வித்தாள் தூக்கியவர்களின் வரலாறு

போன வாரம் ஒரு தங்கச்சி போன் செய்தாள். பத்தாம் வகுப்பில் எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு வந்தவள், இப்போது சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டாள். "அக்கா, ஒரு யுனிவர்சிட்டி புராஜெக்ட்ல ரிசர்ச் அசிஸ்டென்ட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. பதினோரு மாசம். ஃபீல்டு கொல்லிமலையாம். போகலாமா?"

உடனே பதில் சொல்ல வரவில்லை. என் முதல் வேலையும் அதே வேலைதான், அதே மலைதான். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, பேசுவோம்" என்றேன். அவள் வருவதற்குள் இதை எழுதி வைத்தால் அவளைப் போன்ற மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது. ஆராய்ச்சி உதவியாளர் என்ற வேலைக்கு நம் மண்ணில் நூறாண்டுக்கு மேல் வரலாறு இருக்கிறது. எந்த வகுப்பிலும் எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாக மேலேறும் பேருந்து. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வராமல் செம்மேட்டில் இறங்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது. கையில் முப்பத்திரண்டு பக்கக் கேள்வித்தாள். மலைக் குடும்பங்கள் சாமை, தினை, கேழ்வரகை விட்டு மரவள்ளிக்கு ஏன் மாறினார்கள், அதனால் சாப்பாட்டில் என்ன மாறியது என்பது ஆய்வு. ஒரு நாளைக்கு ஐந்து வீடு முடிக்க வேண்டும். வளப்பூர் நாட்டிலும் குண்டூர் நாட்டிலும் ஒரு குக்கிராமத்துக்கும் அடுத்ததற்கும் இடையே காடும் ஓடையும் இருப்பது, அந்த ஐந்து என்ற எண்ணை எழுதியவருக்குத் தெரிந்திருக்காது.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, ஒரு ஆயா கேள்வித்தாளின் இரண்டாம் பக்கத்திலேயே என்னை நிறுத்திவிட்டார். "ஏம்மா, போன வருசம் ஒரு பொண்ணு வந்துச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு பசங்க. எல்லாரும் இதேதான் கேட்டாங்க. எழுதிட்டுப் போனதெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

என்னிடம் பதில் இல்லை. "ஆபீசுல இருக்குங்க ஆயா" என்று எதையோ சொல்லி மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன்.

அந்தக் கேள்வி அந்த மலைப்பகுதிக்குப் புதியதில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கொல்லிமலையில் இருக்கும் மலையாளிகள், சேர்வராயன் மலையிலும் பச்சைமலையிலும் இருப்பவர்களைத் தங்கள் பங்காளிகளாகச் சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மலைக்கு ஒருவராகப் பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்கள் கதை. (கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள்.) அந்தச் சேர்வராயன் மலைக்கு அளவுகோலும் தலையை அளக்கும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு ஒருவர் போனார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். மூக்கின் நீளம், அகலம், மண்டையின் சுற்றளவு எல்லாவற்றையும் அளந்து சாதிகளை வரிசைப்படுத்திவிடலாம் என்று நம்பிய காலம் அது. மலையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். இந்த ஆள் நம் நிலங்களையெல்லாம் சர்க்காருக்குப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு நம்மை அந்தமானுக்கு அனுப்பப் போகிறான் என்று அவர்கள் பயந்தார்களாம். வயநாட்டில் பணியர் பெண்கள் ஓடி ஒளிந்ததற்கும் காரணம் எழுதியிருக்கிறார். தங்களைப் பிடித்துப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்ற பயம்.

தர்ஸ்டன் இதை வேடிக்கைக் கதையாகத்தான் சொல்கிறார். இன்று படிக்கும் பலரும் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்திருந்தது. காடு முழுவதும் ஒதுக்கப்பட்ட காடு என்று கோடு போடப்பட்டு, விறகு பொறுக்குவதும் மாடு மேய்ப்பதும் குற்றமாகிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அளக்க வந்த வெள்ளைக்காரரைப் பார்த்து நிலம் போகப்போகிறது என்று நினைத்தவர்கள் சூழ்நிலையைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அளவுக்குப் பின்னால் அதிகாரம் வரும் என்பது அவர்கள் பட்ட அனுபவம்.

1901-ல் அரசு இனவரைவியல் கணக்கெடுப்பைத் தொடங்கியபோது சென்னை மாகாணத்துக்குத் தர்ஸ்டனே பொறுப்பாளர். அதன் விளைவாக 1909-ல் ஏழு தொகுதிகள் வந்தன. 'தென்னிந்தியாவின் சாதிகளும் பழங்குடிகளும்' என்று நாம் குறிப்பிடும் நூல் அதுதான். அதன் முகப்புப் பக்கத்தில் தர்ஸ்டன் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் இருக்கிறது. அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கே. ரங்காச்சாரி எம்.ஏ. உதவியுடன், என்று.

நம் ஊர் ஆய்வு உதவியாளர்களில் அச்சில் பெயர் வந்த முன்னோடிகளில் ரங்காச்சாரி ஒருவர். அவர் தாவரவியலாளர். பின்னாளில் கோவை வேளாண் கல்லூரியில் இருந்தபோது தென்னிந்தியப் புற்களைப் பற்றி அவர் எழுதிய கையேடு 1921-ல் வந்தது. தர்ஸ்டனுக்குத் தமிழ்க் கிராமங்களின் வாசலைத் திறந்துவிட்டவர்களில் அவர் முக்கியமானவர். அவர் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. எனக்கு ஒரே கேள்விதான். 1900-களில் ஒரு வைணவப் பார்ப்பனர் ஓர் ஊருக்குப் போகிறார். எங்கே தங்கியிருப்பார்? யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்? சேரியைப் பற்றிய செய்தி அவர் நோட்டுக்கு வர எத்தனை தெருக்களைத் தாண்டியிருக்கும்? பறையரைப் பற்றியும் சக்கிலியரைப் பற்றியும் அந்தத் தொகுதிகளில் உள்ளதைப் படிக்கும்போதெல்லாம், இதைச் சொன்னவர் யார் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே போவேன். பெரும்பாலான இடங்களில் விடை இல்லை.

பழைய புத்தகம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. சாதிச் சான்றிதழ் பிரச்சினைகளில் அலைந்தவர்களுக்குத் தெரியும். 1994-ல் குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழங்குடி என்று கோருபவரின் தெய்வம், சடங்கு, திருமண முறை, சாவுச் சடங்கு எல்லாவற்றையும் விசாரிக்கச் சொன்னது. விசாரிக்கிற அதிகாரி ஒப்பிட்டுப் பார்க்க எதை எடுப்பார்? ஏற்கெனவே அச்சில் இருக்கும் இனவரைவியலைத்தான். எவரோ ஒரு மாலையில் ஒரு திண்ணையில் கேட்டு எழுதிய வரி, நூறாண்டு கழித்து ஒரு பெண்ணின் கல்லூரிச் சீட்டை முடிவு செய்யும்.

பட்டியலில் ஒரு மாவட்டத்தின் பெயர் விடுபட்டாலும் இதே கதிதான். மலையாளி என்ற பெயர் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் சேலம், தர்மபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி என்று பழைய மாவட்டப் பெயர்களோடு இருக்கிறது. கொல்லிமலை சேலத்தில் இருந்து, 1997-ல் நாமக்கல்லுக்கு வந்ததால் இங்கே சிக்கல் இல்லை. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்த மலை அப்போது கோவை மாவட்டத்தில் இருந்தது, பட்டியலில் கோவை இல்லை. நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அருங்காட்சியகத்தில் இருந்து இப்போது பல்கலைக்கழகத்துக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். கிராமத்தைப் பார்க்காமல் பொருளாதாரம் நடத்த முடியாது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. நல்ல எண்ணம். 1916-ல் தன் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ஊரைப் பற்றி எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். இருவேல்பட்டு, தூசி, வடமலாபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி ஆகிய ஊர்களின் கணக்கு அப்படித்தான் கிடைத்தது. 1918-ல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற நூலாக வந்தது. இந்தியாவில் கிராம ஆய்வின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று என்று இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படும் நூல்.

கவனியுங்கள் தோழர்களே. சம்பளம் வாங்காத அந்த ஆராய்ச்சி உதவியாளர்கள் "தங்கள் ஊருக்கு"ப் போனார்கள். 1916-ல் கல்லூரிப் படிப்பு படித்த ஒருவனின் "தன் ஊர்" என்பது ஊரின் எந்தப் பக்கத்தில் இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடனுக்குத் தன்னையே அடகு வைத்து உழைத்த படியாள்களைப் பற்றி அந்த நூலில் இருக்கிறது. எவ்வளவு நெல் கூலி என்று இருக்கிறது. அந்தக் கணக்கைச் சொன்னவர் நெல் அளந்து போட்டவரா, வாங்கிக்கொண்டவரா? இரண்டு பேரின் கணக்கும் ஒன்றாகவா இருந்திருக்கும்? கூலிக்கு அளக்கும் மரக்கால் வேறு, குத்தகைக்கு அளக்கும் மரக்கால் வேறு என்று சொல்லிச் சொல்லியே எங்கள் தாத்தா செத்தார்.

அதே 1916-ல், மே 9-ஆம் தேதி, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இருபத்தைந்து வயது மகர் மாணவர் ஒருவர் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசித்தார். சாதியைப் பற்றி அதுவரை எழுதிய பெரிய பெயர்களை ஒவ்வொருவராக எடுத்து, எங்கே தவறினார்கள் என்று காட்டிவிட்டு, அகமணமே சாதியின் சாரம் என்று நிறுவினார். பாபாசாகேப் அம்பேத்கரின் அந்தக் கட்டுரையை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். ஆனால் ஸ்லேட்டரின் மாணவர்கள் கேள்வித்தாளோடு ஊருக்குப் போன அதே ஆண்டு அது என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் கவனித்தேன். மாகாணத்துக்குள் நம்மைப் பற்றிய தரவை மற்றவர்கள் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். கோட்பாட்டைச் சொல்ல நம்மில் ஒருவர் கடல் தாண்ட வேண்டியிருந்தது. பரோடா மன்னரின் உதவித்தொகை இல்லாவிட்டால் அதுவும் நடந்திருக்காது.

இடையில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. தர்ஸ்டன் இருந்த அதே சென்னை அருங்காட்சியகத்தில் மானிடவியல் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்து மேலே வந்தவர் ஏ. அய்யப்பன். மலபாரைச் சேர்ந்தவர், ஈழவர். நெருங்கி வந்தாலே தீட்டு என்று இத்தனை அடி தள்ளி நிற்க வைக்கப்பட்ட சாதி. லண்டனில் முனைவர் பட்டம் பெற்று, 1940-ல் அந்த அருங்காட்சியகத்துக்கே கண்காணிப்பாளர் ஆனார். பின்னாளில் கேரளப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். தன் சொந்தச் சாதியையே ஆராய்ந்து நூல் எழுதினார். அதற்கு முன்பு, 1937-ல், நாயாடிகளைப் பற்றி எழுதினார். கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட மக்கள் அவர்கள்.

அவரைப் பெருமையோடு சொல்லும்போதே ஒன்று உறுத்தும். ஈழவர்களும் நாயாடிகளை எட்ட நிறுத்தியவர்கள்தான். பாபாசாகேப் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இதுதானே. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்துவிட்டதால் மட்டும் எல்லா வாசலும் நமக்குத் திறந்துவிடாது. கொல்லிமலையில் எனக்கும் அதுதான் நடந்தது. நான் தலித், இவர்கள் ஆதிவாசிகள், நாமெல்லாம் ஒன்று என்ற நினைப்போடுதான் மலையேறினேன். அவர்களுக்கு நான் கீழ்நாட்டுக்காரி. மரவள்ளிக்கு விலை பேச வருகிற தரகர், நிலத்தை ஒத்திக்குப் பிடிக்க வருகிறவர், கேள்வித்தாளோடு வருகிற பெண் எல்லோரும் ஒரே பேருந்தில்தான் வந்து இறங்குகிறோம். அந்த வித்தியாசத்தை அவர்கள் உணர்த்த வேண்டியிருந்தது. படிப்பு எனக்கு அதை உணர்த்தவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த ஆய்வுகளில் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்கள் விரும்பிச் சேர்ப்பது ஆந்த்ரே பெத்தேயின் தஞ்சாவூர் ஆய்வை. 1961-62-ல் ஸ்ரீபுரம் என்று புனைபெயர் கொடுத்த ஊரில் தங்கினார், 1965-ல் நூல் வந்தது. இளம் வயதில் செய்த வேலை, நல்ல வேலை. அவர் தங்கியது அக்ரகாரத்தில். அதனால் அவர் பிராமணராகவே நடத்தப்பட்டார். சேரிக்குப் போவது எளிதாக இல்லை, போனாலும் அங்கிருந்தவர்களுக்கே சங்கடமாக இருந்தது. இதையெல்லாம் அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் பாருங்கள், ஒரு வீட்டின் முகவரி ஒரு நூலின் பார்வையை எவ்வளவு தூரம் முடிவு செய்கிறது! எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் சாதி, வர்க்கம், அதிகாரம் என்று மூன்று நாள் நடத்தினார். அவர் எங்கே தங்கினார் என்பதைச் சொல்லவே இல்லை.

இதற்கு நேரெதிர் திசையில் நடந்தவர் ஜோன் மென்ச்சர் என்ற அமெரிக்க மானிடவியலாளர். செங்கல்பட்டுப் பகுதியில் கூலி உழைப்பாளிகள் பக்கமிருந்து பார்த்து, சாதி என்பது எல்லோரும் மனமொப்பி ஏற்றுக்கொண்ட ஒழுங்கு என்ற பேச்சைத் தலைகீழாக்கி 1974-ல் ஒரு கட்டுரை எழுதினார். கீழே இருப்பவர்களுக்கு அது சுரண்டல் என்று தெளிவாகத் தெரிகிறது என்றார். நம் ஆட்களுக்கு இது செய்தியே இல்லை. கேட்டவர் யார், எங்கே நின்று கேட்டார் என்பதால் பதில் மாறியது, அவ்வளவுதான். இதே மென்ச்சர் 1980-களின் தொடக்கத்தில் எஸ். குஹனோடு சேர்ந்து ஸ்லேட்டரின் இருவேல்பட்டுக்கும் போனார். அந்த ஊர் 1930-களில் ஒரு முறை, 2008-ல் இன்னொரு முறை என்று திரும்பத் திரும்ப ஆராயப்பட்டிருக்கிறது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஒரு கிராமம் ஒரு நூற்றாண்டாக எத்தனை இளைஞர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அங்கேயும் ஓர் ஆயா கேட்டிருப்பார்.

2002 டிசம்பரில் கோபால் குரு ஒரு கட்டுரை எழுதினார். இந்தியச் சமூக அறிவியல் எவ்வளவு சமத்துவமானது என்பது அதன் கேள்வி. எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வந்தது, கட்டாயம் தேடிப் படியுங்கள். கோட்பாடு செய்கிற பார்ப்பனர்கள், தரவு சேகரிக்கிற சூத்திரர்கள் என்று நம் அறிவுத்துறையே வர்ணமாகப் பிரிந்திருக்கிறது என்றார். நான் அதை முதலில் படித்தது கொல்லிமலையிலிருந்து இறங்கி ஒரு வருடம் கழித்து. படித்துவிட்டு என் கேள்வித்தாள்களை நினைத்தேன்.

அந்தக் கேள்வித்தாளில் "முதன்மைத் தொழில்" என்று ஒரு கட்டம். விவசாயி என்றால் 1, விவசாயக் கூலி என்றால் 2, மற்றவை 3. ஒரு அக்கா தன் நிலத்தைக் கீழ்நாட்டுக்காரர் ஒருவருக்கு ஒத்திக்கு விட்டுவிட்டு, அதே நிலத்தில் அவருக்கு மரவள்ளி பிடுங்கும் கூலியாகப் போய்க்கொண்டிருந்தார். 1-ஆ, 2-ஆ? நான் ஓரத்தில் நான்கு வரி எழுதினேன். அப்படி மொத்தம் இருபத்தாறு வீடுகள் வந்தன. தரவைக் கணினியில் ஏற்றும்போது ஓரக் குறிப்புக்கு இடமில்லை. எல்லோரும் 1 ஆனார்கள். பட்டாவில் அவர்கள் பெயர் இருந்தது, அதனால் விவசாயி. அறிக்கை வந்தபோது, மலைவாழ் விவசாயிகள் தாமாகவே பணப்பயிருக்கு மாறினார்கள் என்று ஒரு வாக்கியம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் "களப் பணியாளர்களுக்கு நன்றி" என்று இருந்தது. நாங்கள் மொத்தம் ஆறு பேர். ஒருவர் பெயரும் இல்லை. நான்கு மாதச் சம்பளம் அறிக்கை வந்த பிறகுதான் வந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஒரு இடத்தின் குறை என்று நீங்கள் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

அந்த வாக்கியம் முழுப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். எலிசபெத் பின்னிஸ் என்ற கனடா நாட்டு மானிடவியலாளர் கொல்லிமலையில் தங்கி ஆய்வு செய்து, ஏன் பணப்பயிர் பயிரிடுகிறார்கள் என்பதையே தலைப்பாக்கி 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மக்கள் தங்கள் கணக்கோடுதான் மரவள்ளிக்குப் போனார்கள், கையில் காசு வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற விருப்பமும் அதில் இருந்தது என்பதை அவர் கேட்டு எழுதினார். சாமையைக் குத்திப் புடைக்கும் வேலை முழுக்கப் பெண்கள் தலையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சிறுதானியத்தைப் புகழ்ந்து நகரத்தில் மேடையேறுபவர்கள் ஒரு நாள் உலக்கை பிடித்துவிட்டுப் பேசலாம். விருப்பமும் கடனும் ஒரே வீட்டில்தான் இருந்தன. கட்டத்துக்குள் ஒரு எண்ணைத்தான் போட முடிந்தது.

ஒரு சின்ன விஷயம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராப்பினாட் உலர்தாவரகம் என்று ஒன்று இருக்கிறது. கே.எம். மேத்யூ பாதிரியாரின் குழு தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் செடிகளை முழுக்கத் தொகுத்தது அங்கேதான். உலர்த்தி ஒட்டிய செடியின் தாளில் என்ன எழுத வேண்டும் என்பதற்குத் தாவரவியலில் உலகப் பொது வழக்கம் உண்டு. செடியின் பெயர், இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, சேகரித்தவர் பெயர், அவருடைய வரிசை எண். நூறாண்டு கழித்து ஒருவர் அந்தத் தாளை எடுத்தாலும் இதை யார் பறித்தார்கள் என்று தெரியும். ஒரு புல்லுக்கு இருக்கும் இந்த மரியாதை, ஒரு பெண் மூன்று மணி நேரம் சொன்ன வாழ்க்கைக்கும் அதை எழுதியவருக்கும் நம் துறையில் இல்லை. புற்களைப் பற்றி எழுதிய ரங்காச்சாரிக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

முடியாத காரியம் என்றும் இல்லை. புதுச்சேரி அருகே காரணி ஊரைச் சேர்ந்த வீரம்மா என்ற பறையர் சமூகத்துப் பெண், பள்ளிக்கூடம் போகாதவர், விவசாயக் கூலி. ஜோசியான் ரசின் பல ஆண்டுகள் அவரோடு பேசிப் பதிவு செய்தார். 1995-ல் பிரெஞ்சிலும் 1997-ல் ஆங்கிலத்திலும் நூல் வந்தபோது ஆசிரியர் பெயர்களில் முதலில் இருந்தது வீரம்மா. அடுத்துத்தான் ஜோசியான் ரசின், ழான் லுக் ரசின். அந்த நூலில் எனக்கு விமர்சனங்கள் உண்டு, அது வேறு கட்டுரை. பெயர் போட முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தங்கச்சி வந்தாள். போ என்றுதான் சொன்னேன். நாம் போகாவிட்டால் வேறு யாராவது போவார்கள், அந்த ஆயாவின் வீட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்து எழுதுவார்கள். ஆனால் போவதற்கு முன் பணி ஆணையை எழுத்தில் வாங்கச் சொன்னேன். இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம், ஐசிஎஸ்எஸ்ஆர், நிதி தரும் திட்டங்களில் ஆய்வு இணையர், ஆய்வு உதவியாளர், களப் பணியாளர் என்று படிகள் இருக்கின்றன. தகுதியும் சம்பளமும் படிக்குப் படி வேறு. உதவியாளருக்குரிய படிப்பைப் படித்தவளைக் களப் பணியாளர் சம்பளத்தில் வைத்துக்கொண்டு, வாயால் மட்டும் "ரிசர்ச் அசிஸ்டென்ட்" என்று கூப்பிடுவதை நிறையப் பார்த்துவிட்டேன். நிதி எங்கிருந்து வருகிறது, எந்தப் படி, எத்தனை மாதம், எந்தத் தேதியில் சம்பளம் என்று கேட்க வெட்கப்படாதே என்றேன். கட்டுரை வந்தால் பெயர் எங்கே வரும் என்பதையும் முதல் மாதமே கேட்கச் சொன்னேன். கடைசி மாதத்தில் கேட்டால் நன்றிகெட்டவள் ஆகிவிடுவாள்.

"கேட்டா எடுக்காம விட்டுடுவாங்களோ அக்கா?"

விடலாம். அதையும் மறைக்காமல்தான் சொன்னேன். நான் பார்த்த திட்ட வேலை விளம்பரங்களில் இடஒதுக்கீடு என்ற சொல் அரிதாகத்தான் வந்திருக்கிறது. பேராசிரியருக்குத் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்றுதான் பாதி இடம் நிரம்புகிறது. அதனால் இந்தப் பதினோரு மாதத்துக்குள் யுஜிசி நெட் தேர்வை எழுதிவிடு என்றேன். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000. அது இல்லாவிட்டால் பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை. சொந்தப் பணத்தோடு முனைவர் பட்டத்துக்குப் போகிறவளிடம் வழிகாட்டி பேசும் விதமே வேறாக இருக்கும்.

இன்னொன்று, சொந்தமாக ஒரு நோட்டு. கேள்வித்தாள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். எந்த வீட்டில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், எந்தக் கேள்விக்குப் பேச்சு நின்றது, கட்டத்துக்குள் அடங்காதது எது என்பதையெல்லாம் அன்றன்று இரவே தன் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அங்கே யார் பெயரையும் எழுத வேண்டாம், வீட்டுக்கு ஓர் எண் போதும். அது நம்மிடம் சொன்னவர்களின் பாதுகாப்பு. என் முனைவர் பட்டத்துக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை, சமூகப் பணிக்கு வந்துவிட்டேன். ஆனாலும் என்னுடைய மூன்று நோட்டுகள் இன்னும் இருக்கின்றன. அந்த இருபத்தாறு வீடுகளும் அதில் இருக்கின்றன.

போகும்போது அவள் கேட்டாள். "அந்த ஆயா இன்னும் இருப்பாங்களாக்கா?"

தெரியவில்லை. இருந்தால் எண்பது வயது தாண்டியிருக்கும். கொரோனா ஊரடங்கில் வீட்டில் இருந்தபோது, அந்த நோட்டுகளை வைத்துத் தமிழில் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன். மரவள்ளி, ஒத்தி, கூலி, யார் என்ன சொன்னார்கள் என்று. யாருக்கும் அனுப்பவில்லை. அதை இரண்டு படி ஜெராக்ஸ் எடுத்து அவளிடம் கொடுத்தேன். செம்மேட்டில் இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். ஆயா இல்லாவிட்டால் அவர் மருமகளிடம் ஒரு படியைக் கொடுத்து, உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு உன் கேள்வித்தாளை எடு என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை முதல் பேருந்தில் போகிறாள்.